கேட்டு நடப்பது

மாலை ஏழு மணி தாண்டியிருக்கிறது. அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் வார்டில் செவிலியர் ஒருவர் தனியாகப் பணியில் இருக்கிறார். தொலைபேசி ஒலிக்கிறது. மறுமுனையில் டாக்டர் ஸ்மித் என்று ஒருவர். செவிலியர் இதற்குமுன் கேட்டிராத குரல். தன் நோயாளியைப் பார்க்கச் சற்று நேரத்தில் வருவதாகவும், அதற்குள் மருந்து வேலைசெய்யத் தொடங்கியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறார். அலமாரியில் இருக்கும் ‘ஆஸ்ட்ரோட்டன்’ மாத்திரையில் 20 மில்லிகிராம் கொடுத்துவிடச் சொல்கிறார். வந்ததும் கையெழுத்துப் போட்டுவிடுவாராம். செவிலியர் அலமாரியைத் திறந்து டப்பாவை எடுக்கிறார். அதன்மேல் தெளிவாக அச்சிட்டிருக்கிறது: வழக்கமான அளவு 5 மில்லிகிராம், ஒரு நாளுக்கு அதிகபட்சம் 10 மில்லிகிராம்.

சார்லஸ் ஹோஃப்லிங் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் 22 செவிலியர்களிடம் இதை நடத்திப் பார்த்து 1966-ல் முடிவை வெளியிட்டார்கள். 22 பேரில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியை நோக்கி நடந்தார்கள். வழியில் ஆய்வுக்குழுவைச் சேர்ந்தவர் நிறுத்தி உண்மையைச் சொன்னார். ஆஸ்ட்ரோட்டன் என்று ஒரு மருந்தே கிடையாது. மாத்திரையில் இருந்தது தீங்கில்லாத சர்க்கரை. இதே சூழ்நிலையை வேறு செவிலியர்களிடம் வாயால் சொல்லி, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தார்கள். 12 பேரில் 10 பேர் கொடுக்க மாட்டோம் என்றார்கள். செவிலிய மாணவியர் 21 பேரும் அப்படியேதான் சொன்னார்கள்.

கண்மூடித்தனமான கீழ்ப்படிதலுக்கு எடுத்துக்காட்டாக இந்த ஆய்வைச் சொல்வது வழக்கம். நான் இதை வேறு விதமாகப் படிக்கிறேன். அந்த மருத்துவமனைகளின் விதிகளை எடுத்துப் பாருங்கள். தொலைபேசியில் வரும் உத்தரவுக்கு மருந்து கொடுக்கக் கூடாது. அதிகபட்ச அளவைத் தாண்டக் கூடாது. வார்டின் அனுமதிப் பட்டியலில் இல்லாத மருந்தைத் தொடக் கூடாது. அறிமுகமில்லாத ஒருவர் சொல்லி எதையும் செய்யக் கூடாது. அந்த 21 பேரும் பணிந்தார்கள். பணிந்தபடியே நான்கு விதிகளையும் மீறினார்கள்.

அதிகாரத்தைக் கேள்வி கேட்க வேண்டுமா, விதிகளுக்குக் கீழ்ப்படிய வேண்டுமா என்று பட்டிமன்றத் தலைப்புப்போல இரண்டு அணி பிரித்து நாம் பேசுகிறோம். இங்கே அந்தப் பிரிவினையே குழம்பிவிடுகிறது. அன்று விதிக்குக் கீழ்ப்படிந்திருந்தால், டாக்டரைக் கேள்வி கேட்டிருக்க வேண்டும். விதி ஒரு பக்கம் நின்றது, குரல் எதிர்ப்பக்கம் நின்றது. குரல் வென்றது. கீழ்ப்படிதலைப் பற்றி அறுபது ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளைப் படிக்கப் படிக்க, ஆபத்து பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. குரலை விதி என்று எடுத்துக்கொள்கிறோம்.

நம் மொழியில் இதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது. ‘கேள்’ என்றால் வினவு என்றும் பொருள், செவிகொடு என்றும் பொருள், சொன்னபடி நட என்றும் பொருள். ‘வாத்தியாரிடம் கேள்’ என்றால் சந்தேகம் கேட்கச் சொல்கிறோம். ‘வாத்தியார் சொன்னால் கேள்’ என்றால் பணியச் சொல்கிறோம். திருக்குறளில் ‘கேள்வி’ என்று ஓர் அதிகாரமே உண்டு. அங்கே அது கற்றறிந்தவர் சொல்வதைச் செவியால் உள்வாங்கும் அறிவு. ஒரே வினைச்சொல்லுக்குள் இத்தனையும் சண்டையில்லாமல் குடியிருந்தன. பிறகு வீட்டிலும் வகுப்பிலும் ‘எதிர்த்துப் பேசாதே’ என்ற இன்னொரு தொடரைக் கொண்டுவந்து, வினவுவதைத் தூக்கி அதற்குள் அடைத்துவிட்டோம்.

இந்தத் துறையின் மிகப் பிரபலமான சோதனைக்கு வருவோம். 1961 ஏப்ரலில் ஜெருசலேமில் நாஜி அதிகாரி அடால்ஃப் ஐக்மன் மீதான விசாரணை தொடங்கியது. உத்தரவுக்குக் கட்டுப்பட்டேன் என்பதே அவருடைய வாதம். அதே ஆண்டு ஆகஸ்டில், யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் தன் சோதனையைத் தொடங்கினார். நினைவாற்றல் ஆய்வு என்று விளம்பரம் கொடுத்து ஆட்களைச் சேர்த்தார். ஒரு மணி நேரத்துக்கு 4 டாலர், வந்துபோக 50 சென்ட். வந்தவர் ‘ஆசிரியர்’. இன்னொருவர் ‘மாணவர்’, அவர் மில்கிராமின் ஆள். மாணவர் தவறான விடை சொன்னால் மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும். ஆசிரியர் முன்னால் 30 விசைகள்: 15 வோல்ட்டில் தொடங்கி 450 வோல்ட் வரை. உண்மையில் மின்சாரம் எதுவும் பாயவில்லை. ஆனால் விசையை அழுத்தியவருக்கு அது தெரியாது. 300 வோல்ட்டிலும் 315 வோல்ட்டிலும் சுவருக்கு அப்பாலிருந்து மாணவர் சுவரை ஓங்கி அடிப்பார். அதற்குப் பிறகு சத்தமே இருக்காது. விடையும் வராது. சாம்பல் நிற கோட் அணிந்த ஆய்வாளர் பக்கத்தில் நின்று, தொடருங்கள் என்பார்.

40 பேரில் 26 பேர் கடைசி விசைவரை போனார்கள். அதாவது 65 சதவீதம். இந்த ஒரு எண்தான் உலகெங்கும் பாடப்புத்தகங்களுக்குள் நுழைந்தது. மனிதன் இவ்வளவுதான் என்ற சலிப்பையும் கூடவே கொண்டுவந்தது.

ஆனால் மில்கிராம் ஒரே ஒரு சோதனையோடு நிற்கவில்லை. காட்சியை மாற்றி மாற்றி இருபதுக்கும் மேற்பட்ட விதங்களில் நடத்தினார். அவற்றைப் படித்தால் அந்தச் சலிப்பு தானாகக் கரையும். ஆய்வாளர் அறையை விட்டுப் போய்த் தொலைபேசியில் உத்தரவிட்டபோது, கடைசிவரை போனவர்கள் ஐந்தில் ஒருவராகக் குறைந்தார்கள். சிலர் அளவைக் கூட்டுவதாக ஆய்வாளரிடம் சொல்லிக்கொண்டே கீழ் விசையை அழுத்தினார்கள். கூடவே உட்கார்ந்திருந்த இரண்டு பேர், எங்களால் முடியாது என்று எழுந்துவிட்டபோது, 40 பேரில் நால்வர் மட்டுமே கடைசிவரை போனார்கள். இரண்டு ஆய்வாளர்கள் இருந்து, ஒருவர் தொடரச் சொல்ல மற்றவர் நிறுத்தச் சொன்னபோது, ஒருவர்கூட முடிவுவரை போகவில்லை.

ஆட்கள் அதே நகரத்து ஆட்கள். மாறியது அறைக்குள் இருந்த ஏற்பாடு மட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தயங்கியவர்களிடம் சொல்ல ஆய்வாளருக்கு நான்கு வாக்கியங்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். முதலாவது, தயவுசெய்து தொடருங்கள் என்கிற மாதிரி. இரண்டாவது, ஆய்வுக்கு இது தேவை என்பது. நான்காவது மட்டும்தான் நேரடிக் கட்டளை: உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும். கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா பல்கலைக்கழகத்தில் ஜெர்ரி பர்கர் இந்தச் சோதனையை 150 வோல்ட்டோடு நிறுத்திக்கொள்ளும்படி மாற்றி மறுபடி நடத்தி 2009-ல் வெளியிட்டார். அந்தப் பதிவுகளை ஆராய்ந்தபோது ஒன்று தெரிந்தது: நான்காவது வாக்கியத்தைக் கேட்க நேர்ந்தவர்களில் ஒருவர்கூட அதற்குப்பின் தொடரவில்லை. வெறும் அதட்டலுக்கு மனிதர் பணியவில்லை. இது அறிவியல், இது நல்ல காரியம், இதற்கு நீங்கள் தேவை என்ற பேச்சுக்குத்தான் பணிந்தார்கள். அலெக்ஸ் ஹஸ்லம், ஸ்டீஃபன் ரைஷர் என்ற இரு உளவியலாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டு, மில்கிராமிடம் நாம் காண்பது அடிமைத்தனம் அல்ல, ஒரு நோக்கத்தோடு ஒட்டிக்கொண்டு பின்தொடர்வது என்று வாதிடுகிறார்கள். மில்கிராமின் ஆய்வாளர் எழுதிக் கொடுத்த வாக்கியங்களோடு நிற்காமல் கூடுதலாக வற்புறுத்தினார் என்றும், பங்கேற்றவர்கள் சிலருக்கு இது நாடகம் என்ற சந்தேகம் இருந்தது என்றும் ஜினா பெர்ரி என்ற எழுத்தாளர் ஆவணங்களைத் தோண்டிக் காட்டியிருக்கிறார். அந்தக் குறைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ஏற்பாடு மாறினால் எண்கள் மாறின என்பது நிற்கிறது.

உத்தரவு வரும்போது மனதுக்குள் என்ன நடக்கிறது? எமிலி காஸ்பர், பாட்ரிக் ஹேகர்ட் முதலிய நரம்பியல் ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட சோதனை இதை அழகாக அளந்தது. இதில் ஏமாற்று ஏதும் இல்லை. இரண்டு பேர் எதிரெதிரே உட்காருவார்கள். ஒருவர் விசையை அழுத்தினால் மற்றவருக்கு உண்மையிலேயே வலிக்கும். அல்லது அவருடைய காசு கொஞ்சம் பறிபோகும். பிறகு இடம் மாற்றிக்கொள்வார்கள். விசையை அழுத்திய சில நூறு மில்லிநொடி கழித்து ஓர் ஒலி கேட்கும். அழுத்தியதற்கும் ஒலிக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று அவர் மதிப்பிட வேண்டும்.

இது என்ன சம்பந்தமில்லாத கேள்வி என்று தோன்றலாம். நாமாக விரும்பிச் செய்த செயலும் அதன் விளைவும் மனதுக்கு நெருக்கமாகத் தெரியும். இடைவெளி சுருங்கியது போலிருக்கும். நம் விரலை வேறு யாரோ பிடித்து அழுத்தினால் இடைவெளி நீளமாகத் தோன்றும். ‘இதை நான் செய்தேன்’ என்ற உணர்வை வாயால் கேட்காமலே அளக்க இது ஒரு வழி. முடிவு இது: தானே தேர்ந்து அழுத்தியபோதைவிட, ஆய்வாளர் உத்தரவிட்டு அழுத்தியபோது இடைவெளி நீண்டு தெரிந்தது. விளைவாக வந்த ஒலிக்கு மூளையின் மின் எதிர்வினையும் குறைந்தது. ‘நானா செய்தேன், சொன்னதைச் செய்தேன்’ என்று சொல்பவர் எல்லா நேரமும் சாக்குச் சொல்லவில்லை. அவருக்கு அந்தச் செயல் உண்மையிலேயே தூரமாகத் தெரிந்திருக்கலாம். அதனால் அவருடைய பொறுப்பு குறைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. உத்தரவு கையில் இருக்கும்போது நம் மனசாட்சியை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது என்றுதான் சொல்கிறேன். மனசாட்சி விழிக்க வேண்டிய நேரத்தில்தான் அது மங்குகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் எல்லாவற்றையும் எதிர்ப்போம் என்று கிளம்புவதும் தவறு. பணிதல் நம் இனத்துக்குக் கிடைத்த வரம்.

என் அப்பத்தா மரவள்ளிக்கிழங்கை வேகவைக்கும்போது பானைக்கு மூடி போட விடமாட்டார். வெந்ததும் தண்ணீரை வடித்துக் கீழே கொட்டிவிட வேண்டும். அதைக் குழம்புக்கு எடுக்கக் கூடாது. ஏன் என்று கேட்டால், ‘அப்படித்தான்’ என்பார். காரணம் எனக்கு வேதியியல் படித்த பிறகுதான் புரிந்தது. மரவள்ளியில் லினாமரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கு நசுங்கும்போதும் வெட்டுப்படும்போதும் அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். அதன் கொதிநிலை ஏறத்தாழ 26 டிகிரி செல்சியஸ்தான். மூடி இல்லாத பானையிலிருந்து அது ஆவியாய்ப் போய்விடும். மீதி தண்ணீரோடு போகும். அமேசான் காடுகளில் துகானோ மக்கள் கசப்பு மரவள்ளியைச் சுரண்டி, துருவி, கழுவி, பிழிந்து, நாள்கணக்கில் வைத்திருந்து பக்குவப்படுத்துகிறார்கள். மானுடவியலாளர் ஜோசஃப் ஹென்ரிக் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஒரு வேலை வீண் என்று நினைத்து விட்டுவிட்டால் அன்றைக்கே யாரும் சாகப் போவதில்லை. சயனைடு மெல்ல மெல்லச் சேர்ந்து, ஆண்டுகள் கழித்து நோயாய் வரும். அத்தனை தாமதமாக வரும் விளைவை ஒருவர் தன் வாழ்நாளில் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. காரணம் தெரியாமல் பணிந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் பிழைத்தார்கள்.

விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ ஒயிட்டன் ஆகியோர் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிர்ப்பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதை எடுக்கும் வழியைச் சிம்பன்சிகளுக்கும் மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கும் செய்து காட்டினார்கள். நடுவே சில தட்டல்களும் குத்தல்களும் வீண் வேலை. பெட்டி கண்ணாடிபோல் உள்ளே தெரிந்தபோது சிம்பன்சிகள் வீண் வேலையை விட்டுவிட்டு நேராகப் பரிசை எடுத்தன. குழந்தைகள் அத்தனையையும் அப்படியே செய்தார்கள். பார்த்தால் சிம்பன்சிக்கே புத்தி அதிகம் என்று தோன்றும். ஆனால் சமையல் முறையும் மருத்துவமும் கை மாறிக் கை மாறி வந்தது இந்தக் குழந்தைப் பணிவால்தான். அதே வயதுக் குழந்தைகள் எல்லோரையும் ஒரே மாதிரி நம்புவதும் இல்லை. தெரிந்த பொருளுக்குத் தப்பான பெயர் சொன்ன பெரியவரை அவர்கள் குறித்து வைத்துக்கொள்கிறார்கள். தெரியாத பொருள் வரும்போது சரியாகச் சொன்னவர் பக்கம் திரும்புகிறார்கள். மூன்று வயதிலேயே முறைக்குப் பணிவதும் ஆளைச் சோதிப்பதும் சேர்ந்தே இருக்கின்றன. பிறகு நாம்தான் கெடுக்கிறோம்.

இரண்டையும் சேர்த்து வைக்கக் கற்றுக்கொண்ட தொழில் ஒன்று இருக்கிறது. அது கற்ற விதம் கொடுமையானது.

1977 மார்ச் 27. ஸ்பெயினின் கேனரி தீவுகளில், டெனெரீஃபின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையம். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் இங்கே திருப்பிவிடப்பட்டிருந்தன. பனிமூட்டம். கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747 ஓடுபாதையின் முனையில் புறப்படக் காத்திருக்கிறது. அதே ஓடுபாதையில் பான் அமெரிக்கனின் 747 எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறது. ஒன்றை ஒன்று பார்க்க முடியாது. கே.எல்.எம். தலைமை விமானி சாதாரண ஆள் இல்லை. அந்த நிறுவனத்தின் 747 பயிற்சிப் பிரிவுத் தலைவர், விளம்பரங்களில் முகம் வந்தவர். பக்கத்தில் இருந்த துணை விமானிக்கு இரண்டு மாதம் முன்பு 747 தகுதித் தேர்வு நடத்தியவரும் அவர்தான். வேலை நேரம் பற்றிய டச்சு விதி கடுமையானது. இன்னும் தாமதமானால் அன்று பறக்கவே முடியாமல் போகும் என்ற அவசரமும் இருந்தது.

தலைமை விமானி இயந்திர வேகத்தைக் கூட்டத் தொடங்கினார். கட்டுப்பாட்டு அனுமதி இன்னும் வரவில்லை என்று துணை விமானி நினைவூட்டினார். தெரியும், கேளுங்கள் என்றார் தலைமை விமானி. வழித்தட அனுமதி வந்தது. புறப்படும் அனுமதி வரவில்லை. விமானம் நகர்ந்துவிட்டது. இரண்டாவது முறை துணை விமானி தடுக்கவில்லை. அப்போது பின்னால் இருந்த விமானப் பொறியாளர் வானொலியில் பான் அமெரிக்கனின் பேச்சைக் கேட்டார். அவர்கள் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லை என்று அவருக்குப் பட்டது. அந்த விமானம் விலகவில்லையா என்று கேள்வியாகக் கேட்டார். விலகிவிட்டது என்று அழுத்தமாகப் பதில் வந்தது. பொறியாளர் அதற்குமேல் பேசவில்லை. சில நொடிகளில் இரண்டு விமானங்களும் மோதின. 583 பேர் இறந்தார்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றில் இதைவிடப் பெரிய விபத்து இன்றுவரை நடந்ததில்லை.

பொறியாளருக்கு விஷயம் தெரிந்திருந்தது. அதைச் சொல்லவும் செய்தார். சொன்ன விதம்தான் கேள்வியாக இருந்தது.

கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் எப்படிப் பேசுகிறார் என்பதை உட்டே ஃபிஷர், ஜூடித் ஒராசானு என்ற இருவர் விமானிகளை வைத்தே ஆராய்ந்தார்கள். தலைமை விமானிகள் நேராகக் கட்டளையிடுகிறார்கள். துணை விமானிகள் பெரும்பாலும் ஜாடையாகச் சொல்கிறார்கள். நமக்கு இதைப் புரிந்துகொள்ள விமானம் ஏற வேண்டியதில்லை. நள்ளிரவில் லாரி ஓட்டும் டிரைவருக்குக் கண் சொருகுவதைப் பக்கத்தில் இருக்கும் கிளீனர் பையன் பார்க்கிறான். ‘அண்ணே, தூங்குறீங்க, ஓரங்கட்டுங்க’ என்று அவன் சொல்வதில்லை. ‘அண்ணே, ஒரு டீ சாப்பிட்டுப் போலாமா?’ என்கிறான். அண்ணன் வேண்டாம் என்றால் பேச்சு முடிந்தது. அவன் உயிரும் அந்த லாரியில்தான் இருக்கிறது.

டெனெரீஃபுக்கு அடுத்த ஆண்டு, 1978 டிசம்பரில், அமெரிக்காவின் போர்ட்லண்ட் அருகே யுனைடெட் நிறுவன விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து விழுந்து 10 பேர் இறந்தார்கள். தலைமை விமானியின் கவனம் தரையிறங்கும் சக்கரக் கோளாறில் இருந்தது; எரிபொருள் குறைவதைச் சொன்ன மற்றவர்களின் குரலில் அழுத்தம் இல்லை. 1979-ல் நாசா ஒரு பயிலரங்கம் கூட்டியது. 1981-ல் யுனைடெட் நிறுவனம் புதிய பயிற்சியைத் தொடங்கியது. க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட் என்று பெயர் பெற்ற அந்தப் பயிற்சி இன்று உலகமெங்கும் விமானிகளுக்குக் கட்டாயம். அதன் சாரம் எளியது. இளையவர் சந்தேகத்தைச் சொல்வது அவருடைய தைரியத்தைப் பொறுத்த விஷயம் இல்லை. அது அவருடைய வேலை. முதலில் விசாரி, பிறகு ஆபத்தை உரக்கச் சொல், பிறகு மறு, கடைசியில் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள் என்று படிகள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மூத்தவர் கேட்டுக்கொள்வதும் அவருடைய வேலையாகிவிட்டது.

1989-ல் அதே நிறுவனத்தின் டி.சி.-10 விமானம் ஒன்றின் வால் இயந்திரம் வெடித்து, திருப்பும் கருவிகள் அத்தனையும் செயலிழந்தன. தலைமை விமானி ஆல் ஹெய்ன்ஸ், பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, நான்கு பேருடைய யோசனையையும் கேட்டுக் கேட்டு சியூ சிட்டியில் விமானத்தை இறக்கினார். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். முன்பெல்லாம் கேப்டன் சொன்னதுதான் முடிவு, அதனால் சில விமானங்களை இழந்தோம் என்று அவர் பின்னாளில் மேடைகளில் சொல்லிவந்தார்.

பயிற்சி இருந்தால் போதுமா? போதாது என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 2010 மே 22 அன்று மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். இறங்க வேண்டாம், மறுபடி மேலே எழும்புவோம் என்று துணை விமானி சொல்லியிருந்தார். பத்து ஆண்டு கழித்து, 2020 ஆகஸ்ட் 7 அன்று, கோழிக்கோட்டில் கொட்டும் மழை. மங்களூரைப் போலவே அங்கேயும் குன்றின் உச்சியைச் சமன்செய்து போட்ட ஓடுபாதை. துபாயிலிருந்து 190 பேருடன் வந்த விமானம் ஓடுபாதையின் ஏறத்தாழ பாதித் தொலைவில் தரைதொட்டது. துணை விமானி எழும்பச் சொன்னார். விதிப்படி அந்தச் சொல் வந்துவிட்டால் எழும்பியே ஆக வேண்டும். தலைமை விமானி எழும்பவில்லை. துணை விமானி கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்கவும் இல்லை. இந்த இரண்டையுமே விசாரணை அறிக்கை விபத்துக்கான காரணத்தில் எழுதிவைத்தது. இறந்த 21 பேரில் விமானிகள் இருவரும் அடக்கம். விதி முழுக்க முழுக்க இளையவர் பக்கம் இருந்தது. அந்த அறைக்குள் வயதும் பதவியும் அனுபவமும் விதியைவிடக் கனமாக இருந்தன. அந்த இளைஞரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூத்தவரின் கையைத் தட்டிவிட இருபது வருடம் யார் அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள்?

மருத்துவமனைக்குத் திரும்புவோம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற தீவிர சிகிச்சை மருத்துவர், பெரிய ரத்தக்குழாயில் குழாய் செருகும்போது வரும் தொற்றை ஒழிக்க 2001-ல் ஒரு தாளில் ஐந்து வேலைகளை எழுதினார். கை கழுவு, தோலைக் கிருமிநாசினியால் துடை, நோயாளி உடல் முழுக்கத் தூய துணி போர்த்து, முகக்கவசமும் தொப்பியும் அங்கியும் கையுறையும் அணி, செருகிய இடத்தில் தூய கட்டுப் போடு. எந்த டாக்டருக்கும் தெரியாத விஷயம் இதில் எதுவும் இல்லை. ஒரு மாதம் செவிலியர்களைக் கவனிக்கச் சொன்னபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு ஏதாவது ஒரு வேலை விடுபட்டிருந்தது.

அடுத்து அவர் செய்ததுதான் பெரிய காரியம். ஒரு வேலையை டாக்டர் விட்டுவிட்டால் அவரை நிறுத்தும் அதிகாரத்தைச் செவிலியருக்கு நிர்வாகத்தைக்கொண்டு கொடுக்கச் செய்தார். ஓர் ஆண்டில், பத்து நாள் குழாய்த் தொற்று விகிதம் 11 சதவீதத்திலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கியது. பிறகு மிச்சிகன் மாநிலத்தின் நூறுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதைப் பரப்பியபோது தொற்று 66 சதவீதம்வரை குறைந்தது. ஹோஃப்லிங்கின் செவிலியரிடமும் விதிகள் இருந்தன. அவருக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. இங்கே நின்றார்கள். அதுதான் வித்தியாசம்.

நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் 2005-ல் நடந்ததைச் சொல்ல வேண்டும். மார்ட்டின் ப்ரோமிலி என்ற விமானியின் மனைவி, இரண்டு குழந்தைகளின் தாய், மூக்கு சம்பந்தப்பட்ட ஒரு சாதாரண அறுவை சிகிச்சைக்குப் போனார். மயக்கம் கொடுத்ததும் மூச்சுப்பாதை அடைத்துக்கொண்டது. அனுபவமிக்க டாக்டர்கள் குழாய் செருகத் திரும்பத் திரும்ப முயன்றார்கள். நேரம் போவதை அவர்கள் உணரவில்லை. ஒரு செவிலியர், கழுத்தில் துளையிட்டு மூச்சுவிட வைக்கும் கருவிகளைக் கொண்டுவந்து, தயாராக இருப்பதாகச் சொன்னார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்குச் சொல்லிவிட்டு வந்தார். டாக்டர்களின் பார்வை, என்ன இவ்வளவு பதற்றம் என்பதுபோல் இருக்கவே, படுக்கையை வேண்டாமென்று சொல்லிவிட்டார். என்ன செய்ய வேண்டும் என்று அந்த அறையில் செவிலியர்களுக்குத் தெரிந்திருந்தது. சொல்லவேண்டியபடி சொல்ல முடியவில்லை. 13 நாள் கழித்து அந்தப் பெண் இறந்தார். ப்ரோமிலி யாரையும் தண்டிக்கக் கேட்கவில்லை. விமானிகள் பழகியதை மருத்துவர்களும் பழக வேண்டும் என்று ஓர் அமைப்பைத் தொடங்கி இன்றும் பேசிவருகிறார்.

உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலும் இதே வழியில் வந்ததுதான். புதுதில்லி உட்பட எட்டு நகரங்களில் அதைச் சோதித்த முடிவை 2009-ல் வெளியிட்டார்கள்; இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமானது. அந்தப் பட்டியலில் ஒரு வரி: கத்தி வைப்பதற்கு முன் அறையில் உள்ள எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். ஒருமுறை வாய் திறந்தவருக்கு, பிறகு ‘நிறுத்துங்கள்’ என்று சொல்வது எளிதாகிறது.

ஹோஃப்லிங்கின் ஆய்வை 1977-ல் வேறு இருவர் மாற்றி நடத்தினார்கள். இந்த முறை செவிலியர்களுக்கு நன்கு தெரிந்த வேலியம் மருந்து, மிதமிஞ்சிய அளவு. பக்கத்தில் இருக்கும் சக செவிலியரோடு கலந்து பேசவும் வாய்ப்பு இருந்தது. 18 பேரில் 2 பேர் மட்டுமே கொடுக்கத் தயாரானார்கள். மருந்தைப் பற்றிய அறிவும், பேச ஒரு ஆளும்: இவ்வளவுதான் தேவைப்பட்டது.

ஆகவே, பயந்தவர்களைப் பார்த்துத் தைரியமாகப் பேசுங்கள் என்று நான் எழுதப்போவதில்லை. அவர்களுக்குத் தைரியம் வரவழைப்பது மேலே இருப்பவர்களின் கையில் இருக்கிறது. நீங்கள் தலைமை ஆசிரியராக, மேஸ்திரியாக, மேலாளராக, டாக்டராக, வீட்டுக்குப் பெரியவராக இருந்தால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளைக் காலை வேலை தொடங்கும் முன், உங்களுக்குக் கீழே இருப்பவர்களிடம், ‘நான் தப்பு செய்தால் அந்த இடத்திலேயே சொல்லுங்கள்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னபடி முதல் ஆள் வந்து சொல்லும்போது, அவர் சொன்னது சரியாக இருந்தாலும் தவறாக இருந்தாலும், எல்லோரும் பார்க்க அவருக்கு நன்றி சொல்லுங்கள். இரண்டாவது ஆள் வருவதும் வராததும் அந்த நிமிடம் உங்கள் முகத்தைப் பொறுத்தது.